கட்டையை விட்டுச் சங்கிலியைப் பிடித்த ஊர்

ஹாங்காங் படங்களில் குருநாதர் உத்தியோகத்தைப் போல ஆபத்தான உத்தியோகம் உலகத்தில் கிடையாது. வெள்ளைத் தாடியும் தேநீர்க் கோப்பையுமாக வந்து உட்காருவார், சீடனின் தலையில் ஒரு குட்டு வைப்பார், கோபம் ஆகாது என்று இரண்டு வார்த்தை உபதேசிப்பார். அடுத்த ரீலில் ஆள் காலி. 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' படத்தில் அந்த இரண்டு வார்த்தைக்குக்கூட அவகாசம் தரவில்லை; ப்ரூஸ் லீ ஊர் திரும்பும்போதே குருவைக் குழியில் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். குரு இல்லாத படத்தில் உறவுக்காரர்கள் மாட்டுவார்கள். 'தி பிக் பாஸ்' படத்தில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். பிறகு ஐஸ் பாளத்துக்குள் உறைந்துபோய்க் கிடைக்கிறார்கள். 'என்டர் தி டிராகன்' என்றால் சகோதரி. செத்தவர் யாராக இருந்தால் என்ன, நாயகனுக்கு அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்கு வேலை உறுதி.

நம் ஊர்க் கணக்குப்படி இது கொஞ்சம் சுற்றுவழி. கண்ணகி எந்தக் குருவிடமும் போய் மூன்று வருஷம் தண்ணீர் சுமக்கவில்லை. ஒற்றைச் சிலம்பு, நேரே அரண்மனை, மதுரை சாம்பல். சீனர்களுக்கு அந்த அவசரம் ஆகாது. பழிவாங்கப் புறப்பட்டவன் முதலில் வயிறு நிறைய அடி வாங்க வேண்டும். பிறகு ஏதாவது ஒரு குடிகாரக் கிழவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். வாளி, மூங்கில், கொதிக்கிற எண்ணெய், இன்ன பிற வீட்டு உபயோகப் பொருட்களால் அவதிப்பட வேண்டும். வில்லன் வீட்டு வாசல் அதற்கப்புறம்தான். 1978-ல் வந்த 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' படத்தில் கார்டன் லியூ ஒவ்வோர் அறையாகத் தேறி வருவதைத்தான் நெடுநேரம் காட்டுகிறார்கள். மற்றபடி கதை என்று பார்த்தால் ஒரு தபால் அட்டையில் எழுதி ஓரத்தில் நலம் விசாரிக்கவும் இடம் இருக்கும்.

இந்தப் பழிவாங்கும் சூத்திரத்தின் பெரிய வசதி, காசு குறைவு. அந்தக் காலத்து ஹாங்காங்கில் படப்பிடிப்பின்போது ஒலிப்பதிவு கிடையாது; நடிகர் வாயசைத்தால் போதும், எல்லாப் பாஷையும் பிற்பாடு டப்பிங் கூடத்தில் சேர்ந்துகொள்ளும். சண்டைக்கு ஒரு மலைச்சரிவு, உடைப்பதற்கு நாலு மேஜை. ஷா பிரதர்ஸ் கம்பெனியிலிருந்து விலகிய ரேமண்ட் சௌ 1970-ல் கோல்டன் ஹார்வெஸ்டைத் தொடங்கி, அமெரிக்காவில் சரியான வாய்ப்பில்லாமல் இருந்த ப்ரூஸ் லீயை இரண்டு படத்துக்கு 15,000 டாலர் பேசிக் கூட்டிவந்தார். 'தி பிக் பாஸ்' ஒரு லட்சம் டாலருக்குள் முடிந்த படம். அது ஹாங்காங் வசூலைப் புரட்டிப்போட்டது. 1973-ல் ஷா பிரதர்ஸின் 'கிங் பாக்ஸர்' அமெரிக்காவில் 'ஃபைவ் ஃபிங்கர்ஸ் ஆஃப் டெத்' என்று பெயர் மாற்றிக்கொண்டு ஓடியதும் மடை திறந்தது. அதே வருஷம் வார்னர் பிரதர்ஸ் கூட்டுச் சேர்ந்து 'என்டர் தி டிராகன்' எடுத்தார்கள், 8,50,000 டாலரில். ஹாலிவுட் கணக்கில் அது டீச் செலவு.

படம் அமெரிக்காவில் வெளியாகும் முன்பே, 1973 ஜூலை 20 அன்று, ப்ரூஸ் லீ இறந்துபோனார். வயது 32. தயாரிப்பாளர்கள் துக்கம் அனுசரித்த விதத்தைப் பார்த்தால் எமதர்மராஜனே கூசிப்போவான். ப்ரூஸ் லி வந்தார், ப்ரூஸ் லெ வந்தார், கொரியாவிலிருந்து டிராகன் லீ வந்தார். சுவரொட்டியில் பெயரைப் பெரிதாகவும் வேறுபடும் எழுத்தைச் சிறிதாகவும் போட்டால் டிக்கெட் கிழிக்கிறவருக்கே குழம்பும். 1977-ல் 'தி டிராகன் லிவ்ஸ் அகெய்ன்' என்றொரு படம்: செத்துப்போன ப்ரூஸ் லீ கீழுலகத்துக்குப் போய் டிராகுலா, ஜேம்ஸ் பாண்ட் முதலானோரைச் சந்திக்கிறார். உதவிக்குக் கீரை தின்னும் பாப்பாய். 1980-ல் 'தி க்ளோன்ஸ் ஆஃப் ப்ரூஸ் லீ'. செத்தவரின் உடம்பிலிருந்து மூன்று பிரதி எடுத்துவிடுகிறார்கள். இதெல்லாம் சில்லறைக் கம்பெனிக்காரர்களின் சேட்டை என்று தள்ளிவிட முடியாது. சாட்சாத் கோல்டன் ஹார்வெஸ்டே, அவர் பாதியில் விட்டுப்போன 'கேம் ஆஃப் டெத்' படத்தை 1978-ல் டூப்பு நடிகர்களை வைத்து முடித்தபோது, ஒரு காட்சியில் கண்ணாடியின்மேல் ப்ரூஸ் லீயின் முகத்தை அட்டையில் வெட்டி ஒட்டியது. கதையில் நாயகன் செத்ததாக நாடகமாடும் கட்டத்துக்கு நிஜ இறுதி ஊர்வலத்தின் படச்சுருளை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். சிக்கனத்துக்கு ஓர் அளவு வேண்டாமா?

இந்தக் கூத்தில் நம்மவர் ஒருவரும் உண்டு. 1976-ல் ஜிம்மி வாங் யூ எடுத்து நடித்த 'மாஸ்டர் ஆஃப் தி ஃப்ளையிங் கில்லட்டின்' படத்தின் போட்டி மேடைக்கு ஓர் இந்திய யோகி வருகிறார். முகத்தில் கறுப்பு மை தேய்த்த சீனர்தான். தம் கட்டினால் அவருடைய கைகள் இரண்டும் ஆறடிக்கு நீளும். படத்தின் நாயகனுக்கோ மொத்தமே ஒரு கை. காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் போய் ஷாவோலினுக்கு வித்தை சொல்லிக்கொடுத்தார் என்று நாம் மார்தட்டிக்கொள்கிறோம். ஆயிரத்தைந்நூறு வருஷம் கழித்து அங்கிருந்து வந்துசேர்ந்த குருதட்சிணை இந்த நீளக்கை யோகி.

இந்தியாவில் ப்ரூஸ் லீ முதலில் குடியேறிய இடம் முடிதிருத்தும் கடை. சட்டை இல்லாத உடம்பு, கன்னத்தில் மூன்று கீறல், பக்கத்தில் ஒரு சாமி படம். அதைப் பார்த்துக்கொண்டே கழுத்தைக் கொடுத்த பையன்கள் மறுநாளே விறகுக் கட்டையை இரண்டாக அறுத்து, மாட்டுச் சங்கிலியை நடுவில் கோத்து, நன்சாக்கு செய்தார்கள். சுழற்றிய வேகத்தில் முதலில் உடைந்தது அவரவர் மூக்கு. ஊருக்கு ஊர் கராத்தே பள்ளி முளைத்தது. ஆண்டு விழாவில் ஓடு உடைப்பு, வயிற்றின்மேல் புல்லட் ஓட்டம். தமிழ்நாட்டில் கராத்தே ஒரு பட்டமாகவே ஆகிப்போனது: கராத்தே மணி, கராத்தே தியாகராஜன். அதற்கும் முந்தைய தலைமுறையில் ஜூடோ ரத்னம். 1983 பொங்கலுக்கு ஏவிஎம் '36த் சேம்பர்' படத்தைத் தமிழ்ப்படுத்தி, ரஜினியை நாயகனாக்கிப் 'பாயும் புலி' என்று விட்டது. தங்கை சாகிறாள், அண்ணன் வித்தை கற்கிறான், பழி தீர்க்கிறான். நடுவே சில்க் ஸ்மிதா. ஷாவோலினில் இந்த வசதி இல்லை.

ஹைதராபாத்தில்தான் சூத்திரம் இடறியது.

ஆங்கிலப் படம் என்றால் அந்த ஊரில் செகந்திராபாத் சங்கீத், பஷீர்பாக் ஸ்கைலைன். இரண்டும் இப்போது இல்லை. பெரிய படங்கள் அங்கே ராஜநடை போட, மழை பெய்யும் பிரிண்ட்டுகளில் வரும் குங்ஃபூ சரக்குகளுக்குக் காலைக் காட்சி. திரையில் வாய் அசைந்து முடிந்த பிறகும் வசனம் வந்துகொண்டிருக்கும். சில சமயம் வசனம் முடிந்த பிறகு வாய். இடைவெளியைப் பார்வையாளர்கள் தக்கணி உருதுவில் நிரப்பிவிடுவார்கள். வில்லன் கையை ஓங்கினால் 'நக்கோ ரே, நக்கோ' (வேண்டாம்டா, வேண்டாம்) என்று பால்கனியிலிருந்து பரிந்துபேசும் குரல் அது. ஹாங்காங் டப்பிங் கலைஞர்களைவிட இவர்களுக்குத் தாளம் சரியாக இருந்திருக்கும் என்பது என் துணிபு.

இடறல் எங்கே என்றால், குருவைக் கொல்ல வேண்டும் என்கிற முதல் விதியிலேயே. பழைய ஹைதராபாத்தில் குரு என்றால் தாலீம் எனும் மல்யுத்தக் கூடத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும் பயில்வான். காலையில் நஹாரி, ரமலான் வந்தால் ஹலீம், இடையிடையே பாதாம். நிஜாமின் படையில் வேலை பார்க்க ஏமனிலிருந்து வந்த அரபுக்காரர்களின் வாரிசுகள் பர்காஸ் பக்கம் இன்றும் இருக்கிறார்கள்; உடம்பு வளர்ப்பதில் அவர்களும் சளைத்தவர்கள் இல்லை. இப்படிப்பட்ட குருவின் தேநீரில் விஷம் வைத்தால் 'சர்க்கரை பத்தலை' என்பார். அப்புறம் எங்கே சீடன் அழுவது, எங்கே பழிவாங்குவது?

இரண்டாவது இடறல் தெலுங்கு நாயகன். தெலுங்கு சினிமா 1970-களில் மெல்ல மெல்லச் சென்னையை விட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. நாகேஸ்வர ராவ் பஞ்சாரா ஹில்ஸ் பாறைகளுக்கு நடுவே அன்னபூர்ணா ஸ்டூடியோவைக் கட்டினார், என்.டி.ராமராவ் நாச்சாரத்தில் ராமகிருஷ்ணா ஸ்டூடியோவை. மூட்டையில் எல்லாம் இருந்தது, பயிற்சி பெறும் நாயகன் மட்டும் இல்லை. தெலுங்கு நாயகனுக்குப் பிறக்கும்போதே எல்லாம் தெரியும். கிருஷ்ணராகவும் ராமராகவும் பார்த்த முகத்தை எவனோ ஒரு கிழவன் வாளியால் அடித்து 'மறுபடி செய்' என்று அதட்டினால் ரசிகர் மன்றம் திரையைக் கிழித்துவிடும். ஷாவோலின் கதையின் உயிரே நாயகன் கையாலாகாதவனாகத் தொடங்குவதில்தான் இருக்கிறது. நட்சத்திரம் அப்படித் தொடங்க முடியாது.

ஆகவே நிஜமாகவே வித்தை தெரிந்தவர்கள் இரண்டாம் வரிசையில் நின்றார்கள். சுமன், பானுசந்தர் இருவருமே கராத்தேயில் பிளாக் பெல்ட். 1984-ல் 'மெருப்பு தாடி' படத்தில் சேர்ந்தே உதைத்தார்கள். சுமனைத் தமிழர்கள் 'சிவாஜி'யில் ரஜினியை முறைத்த ஆதிசேஷனாக அறிவார்கள். பானுசந்தர், பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தில் அர்ச்சனாவுக்குத் துணையாக அலையும் அதே மனிதர். பிளாக் பெல்ட் வாங்கியவராலேயே சென்னையில் ஒரு வீட்டைக் கட்டி முடிக்க முடியவில்லை என்பதை, வில்லனைப் பத்துப் பேரோடு அடித்துப்போடும் படங்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த நேரத்தில்தான் அமீர்பேட்டையில் ஒரு வீடியோ கடை திறக்கிறது.

கடைக்காரர் பெயர் ராம் கோபால் வர்மா. விஜயவாடா சித்தார்த்தா கல்லூரியில் சிவில் இன்ஜினீயரிங் படித்தவர். படித்ததைவிட சினிமா பார்த்தது அதிகம், அதிலும் ப்ரூஸ் லீ பைத்தியம். ஹைதராபாத்தில் கிருஷ்ணா ஓபராய் ஹோட்டல் கட்டுமானத்தில் இன்ஜினீயராகச் சிமெண்ட் பார்த்துக்கொண்டிருந்தார். நைஜீரியாவில் வேலை கிடைத்துப் புறப்படவும் இருந்தவர், ஒரு வீடியோ கடையைப் பார்த்ததும் மனம் மாறித் தானும் ஒன்று போட்டுவிட்டார். நைஜீரியா தப்பியது. 1980-களின் வீடியோ கடை என்பது சாதாரண இடம் இல்லை. ஒரே கேசட்டை நூறு தடவை போட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, எந்த அடி எங்கே விழுகிறது என்று பிரித்துப் பார்க்கலாம்; வாடகை வாங்கிக்கொண்டே ஒரு திரைப்படக் கல்லூரியை நடத்தலாம். தந்தை அன்னபூர்ணா ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர் என்பதால் உள்ளே நுழையக் கதவும் இருந்தது. 'கலெக்டர்காரி அப்பாயி', 'ராவ்காரில்லு' இரண்டிலும் உதவியாளராக நின்றார். பிறகு நாகார்ஜுனாவிடம் ஒரு கதை சொன்னார்.

அந்தக் கதையைச் சொல்வதற்கு முன் ரோம் நகரத்துக்குப் போய் வர வேண்டும். ப்ரூஸ் லீ தானே எழுதி இயக்கிய ஒரே முழுப் படம் 1972-ன் 'தி வே ஆஃப் தி டிராகன்'. அமெரிக்காவில் அதற்கு 'ரிட்டர்ன் ஆஃப் தி டிராகன்' என்று பெயர். ரோமில் ஒரு சீன ஓட்டல். இடத்தைப் பிடுங்க உள்ளூர் தாதா ஆள் அனுப்புகிறான். ஓட்டல் சர்வர்கள் கராத்தே பழகியும் பயந்து நடுங்குகிறார்கள். ஹாங்காங்கிலிருந்து உதவிக்கு வரும் பட்டிக்காட்டான் டாங் லுங்குக்கு ஆங்கிலம் தெரியாது. விமான நிலைய உணவகத்தில் கண்ணை மூடிக்கொண்டு பட்டியலைத் தொட்டதில் அத்தனையும் சூப்பாக வந்துசேர, குடித்துவிட்டுப் பாதிப் படத்துக்குக் கழிவறை தேடி அலைகிறான். உலகத்தின் மிகப் பெரிய சண்டை வீரன் தன் முதல் இயக்கத்தில் தனக்குக் கொடுத்துக்கொண்ட அறிமுகம் இது. பிறகு ஓட்டலின் பின்சந்தில் இரண்டு கையிலும் நன்சாக்கு. கடைசியில் கொலோசியத்தில் சக் நாரிஸ். அவர் மார்பிலிருந்து கைப்பிடி முடியைப் பிய்த்து ஊதிவிடுகிறார் ப்ரூஸ் லீ. ஒரு பூனைக்குட்டி சாட்சி.

வர்மா செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. ஓட்டலை எடுத்துவிட்டுக் கல்லூரியை வைத்தார். இதை யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அவரே பெருமையாகச் சொல்வார். பயந்த சர்வர்கள் பயந்த மாணவர்கள் ஆனார்கள், ரோம் தாதா பவானி ஆனான், வெளியூரிலிருந்து வந்து அடிக்கும் புதியவன் சிவா ஆனான். சூப்பு போய் கேன்டீன் டீ வந்தது. இதில் கோபப்பட ப்ரூஸ் லீக்கும் வாயில்லை. சக் நாரிஸ் வரும் இடத்துக்கு அவர் போட்டுக்கொண்ட இசை செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' படத்திலிருந்து எடுத்தது. இத்தாலிக்காரர் சொத்து ஹாங்காங் வழியாக விஜயவாடா போய் அமீர்பேட்டையில் இறங்கியது.

1989 அக்டோபர் 5 அன்று 'சிவா' வெளியானது. தமிழில் 'உதயம்'. வில்லன் ரகுவரன், இசை இளையராஜா என்பதால் பாதிப் படம் நம்முடையதுதான் என்று தமிழர்கள் உரிமை கொண்டாட இடமும் இருந்தது. அந்த ஒரு காட்சியைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். பவானியின் ஆளான ஜே.டி. அடியாட்கள் சூழ நிற்கிறான். நாகார்ஜுனா குனிகிறார். சைக்கிளிலிருந்து செயினைப் பிடித்து இழுக்கிறார், அறுந்து கையோடு வருகிறது, முஷ்டியில் சுற்றிக்கொள்கிறார்.

இங்கேதான் ஹைதராபாத் தன் கைவரிசையைக் காட்டியது. நன்சாக்கு என்பது என்ன? இரண்டு கட்டை, நடுவில் ஒரு சங்கிலி. கட்டையைச் சுழற்றப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்குக் குரு வேண்டும், குரு சாக வேண்டும். அத்தனை வம்பு எதற்கு? கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுச் சங்கிலியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சிவாவுக்கு யார் சண்டை கற்றுக்கொடுத்தது என்று படத்தில் ஒரு வார்த்தை கிடையாது. அவன் அண்ணனும் சண்டைக்காரன் இல்லை, குடும்பஸ்தன். சிவாவிடம் இருப்பது கோபம் மட்டும்தான்; அதற்குப் பாடத்திட்டம் இல்லை. ஷாவோலின் 36 அறைகளில் சொல்லிக்கொடுத்ததை ஒரு சைக்கிள் ஸ்டாண்டு முடித்துக்கொடுத்தது. தெலுங்கு நாயகன் பயிற்சி பெற மாட்டான் என்பதைக் குறையாக நினைக்காமல், அதையே படத்தின் மர்மமாக மாற்றியதுதான் வர்மாவின் கெட்டிக்காரத்தனம். ஹைதராபாத்தில் எடுத்த குங்ஃபூ படங்களிலேயே சிறந்தது குங்ஃபூ இல்லாத இந்தப் படம்தான் என்பேன்.

விளைவைச் சைக்கிள் கடைக்காரர்கள் அனுபவித்தார்கள். உருக்குப் பட்டைகளை ஆணியடித்து இணைத்த செயின் வெறுங்கைக்கு அறாது. ஆனாலும் தெலுங்கு நாட்டிலும் தமிழ்நாட்டிலும் இழுத்துப் பார்க்காத கல்லூரிப் பையன் குறைவு. கையில் வந்தது கிரீஸ். சண்டை என்று வந்தபோது எதிராளியைவிடச் சட்டைதான் அதிகம் பாழானது.

வீடியோ கடை இருந்த அமீர்பேட்டையோ பிற்பாடு வேறு அவதாரம் எடுத்துவிட்டது. '36த் சேம்பர்' படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஷாவோலினில் இருப்பது 35 அறைதான். நாயகன் எல்லாவற்றையும் தேறிவிட்டு, சாதாரண ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்க 36-ஆவது ஒன்று வேண்டும் என்கிறான். சுத்தத் தமிழில் கோச்சிங் சென்டர். அமீர்பேட்டையில் இன்று மாடிக்கு நாலு போர்டு: ஜாவா, ஆரக்கிள், பைத்தான். விடியற்காலையில் வந்து, வரிசையில் நின்று, கண் எரியப் பயின்று, மலை இறங்கி அமெரிக்கா போகிறார்கள். தெலுங்கு சினிமா ஒதுக்கிவைத்த பயிற்சிக் காட்சி சினிமாவுக்கு வெளியே இப்படிப் பிழைத்துக்கொண்டது.

சினிமாவுக்குள் அது திரும்பி வந்தது, ஆனால் பாட்டு வடிவத்தில். வழி காட்டியது சென்னை. மதுரைக்காரரான ஷிஹான் ஹுசைனியிடம் சென்னையில் கராத்தே கற்றவர் சிரஞ்சீவியின் தம்பி பவன் கல்யாண். 1996-ல் முதல் படமான 'அக்கட அம்மாயி இக்கட அப்பாயி'யிலேயே கைமேல் காரை ஏற்றிக் காட்டினார். 1999-ல் 'தம்முடு': உருப்படாத தம்பி, கிக்பாக்ஸிங் வீரனான அண்ணன், அண்ணனை எதிரி அடித்துக் கிடத்துகிறான், தம்பி களம் இறங்குகிறான். இறக்க வேண்டிய குருவுக்குப் பதிலாக அண்ணனுக்குக் கட்டுப் போட்டுப் படுக்கவைத்தது நாகரிக முன்னேற்றம். ஷாவோலினில் வருஷக்கணக்கில் நடப்பது இங்கே ஒரு பாட்டுக்குள் முடிந்துவிடும். 2001-ல் அதே இயக்குநர் அருண் பிரசாத் தமிழில் விஜயை வைத்து 'பத்ரி' எடுத்தபோது, பயிற்சியாளராகத் திரையில் வந்தவர் பவனின் நிஜ குரு ஹுசைனி. 2025 மார்ச்சில் அவர் மறைந்தார். சீடர் ஆந்திரத்தின் துணை முதலமைச்சராக இருந்து இரங்கல் தெரிவித்தார். ஷாவோலினில் 35 அறை தாண்டிய எவருக்கும் அந்த இலாகா கிடைத்ததில்லை.

2001-லேயே பாலாநகர்க்காரரான ஸ்ரீஹரி, ஜிம்னாஸ்டிக்ஸும் ஸ்டன்ட்டுமாக இருந்து நாயகனானவர், 'பத்ராசலம்' என்று ஒரு டேக்வாண்டோ படம் செய்தார். 'வேட்டைக்காரன்' படத்தில் விஜய் தெய்வமாகக் கும்பிடும் போலீஸ்காரர் இவர்தான். ராமர் கோயில் ஊரின் பெயரில் கொரியச் சண்டை. பக்தர்கள் யாரும் வழக்குப் போட்டதாகக் கேள்வியில்லை.

வர்மாவிடம் வேலை பார்த்த பூரி ஜகன்னாத் 2003-ல் எடுத்ததுதான் இந்த வரிசையில் எனக்குப் பிடித்தமான குளறுபடி. 'அம்மா நான்ன ஓ தமிள அம்மாயி'. அம்மா, அப்பா, ஒரு தமிழ்ப் பெண் என்று தலைப்பிலேயே குடும்ப அட்டையைப் போட்டுவிட்டார். குருவின் இடத்தில் அம்மா, அவள் இறக்கிறாள், ரவி தேஜா ஹைதராபாத்திலிருந்து விசாகப்பட்டினம் போய், விட்டுப்போன அப்பாவைக் கண்டுபிடிக்கிறான், அப்பா கிக்பாக்ஸிங் சாம்பியன். அந்தத் தமிழ்ப் பெண்ணாக நடித்தவர் மலையாளியான அசின். மறு வருஷம் அது தமிழில் 'எம்.குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி' ஆனது. விசாகப்பட்டினம் மலேசியாவாக விரிந்தது, அசின் அதே அசின்தான், ஆனால் இந்தத் தடவை கதையில் மலையாளி. இப்படி ஒரு பெண் தன் சொந்த ஊருக்குத் திரும்ப இரண்டு படம் தேவைப்பட்டது.

ப்ரூஸ் லீ பெயரையே தலைப்பாக வைத்தவர்களுக்கும் அவர் அருள்பாலிக்கவில்லை. 2015-ல் ராம் சரண் ஸ்டன்ட்காரராக நடித்த 'ப்ரூஸ் லீ' தெலுங்கில் படுத்தது. 2017-ல் ஜி.வி.பிரகாஷின் 'புரூஸ் லீ' தமிழில் படுத்தது. அதில் நாயகன் பயந்தாங்கொள்ளி என்பதால் குறைந்தபட்சம் நாணயமாவது இருந்தது.

கடைசியில் கடைக்காரருக்கே ஆசை விடவில்லை. தன் 'நா இஷ்டம்' புத்தகத்தின் சமர்ப்பணப் பட்டியலிலேயே ப்ரூஸ் லீயைச் சேர்த்த வர்மா, சீனக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து நிஜமான குங்ஃபூ படமே எடுத்தார். இந்தியில் 'லட்கி', தமிழில் 'பொண்ணு'. டேக்வாண்டோ வீராங்கனை பூஜா பலேகர் நாயகி. அவளுக்கு ப்ரூஸ் லீமேல் பித்து. இந்தியாவின் முதல் மார்ஷியல் ஆர்ட்ஸ் படம் என்று விளம்பரம் செய்தார்கள்; 'பாயும் புலி'யின் நெகட்டிவ் ஏவிஎம் பெட்டிக்குள் புரண்டு படுத்திருக்கும். இந்த முறை பயிற்சி இருந்தது, கட்டை இருந்தது, உதைகள் எல்லாம் நிஜ உதைகள். கோபத்தைத்தான் காணோம். 2022 ஜூலை 15 அன்று வெளியாகி, வந்த சுவடு தெரியாமல் போனது.

அதே வருஷம் ஆகஸ்ட் 25 அன்று பூரி ஜகன்னாத்தின் 'லைகர்' வந்தது. விஜய் தேவரகொண்டா, அம்மாவாக ரம்யா கிருஷ்ணன், அமெரிக்காவிலிருந்து மைக் டைசனே வந்து நின்றார். மலிவுப் படச் சூத்திரத்தைப் பெரும் பணத்தில் செய்து பார்த்ததில் அதுவும் கவிழ்ந்தது. ஹாங்காங் வழக்கப்படி குரு விழுந்தால் சீடன் பழிவாங்க வேண்டும். இங்கே ஜூலையில் குரு விழுந்தார், ஆகஸ்ட்டில் சீடனும் விழுந்தார். இருவரையும் அடித்த வில்லன் டிக்கெட் வாங்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான், அவனை எந்த நன்சாக்குவாலும் தொட முடியவில்லை.

'சிவா'வை 2025 நவம்பரில் 4கே தரத்தில் துடைத்துப் புது ஒலியோடு மறுபடி திரையிட்டார்கள். 36 வருஷம் ஆகியும் செயின் அறுகிற இடத்தில் கை தட்டுகிறார்கள். இனிமேல் பார்க்கப் போகிறவர்கள் முந்தின ராத்திரியே 'தி வே ஆஃப் தி டிராகன்' பார்த்துவிட்டுப் போங்கள், எந்த சர்வர் எந்த மாணவன் என்று அடையாளம் தெரியும். திரும்பி வந்ததும் வீட்டில் இருக்கிற சைக்கிளைச் சும்மா விட்டுவிடுங்கள். செயின் மாட்டித் தரும் கடை இப்போது தெருவுக்கு ஒன்று இல்லை.